கிண்ணத்தில் வளரும் அண்ணன்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். எந்தக் கடிதத்தையும் நலம் என்றுதான் ஆரம்பிப்பேன். இன்று அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை.

இவருக்குத் திரும்ப வந்துவிட்டது.

போன மாதம் வலது விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டியது போல இருக்கிறது என்றார். நாள் முழுக்க ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்திருப்பதால் வாயு பிடித்திருக்கும் என்று நினைத்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். அடங்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். குடலில் அறுத்து எடுத்த புற்றுக்கட்டி இப்போது கல்லீரலின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறதாம். இனி வெட்டி எடுக்க முடியாது என்று பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இவரிடம் கல்லீரல் வீக்கம் என்று மட்டும் சொல்லும்படி அவரைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அப்படியே சொன்னார்.

போன வருஷம் ஸ்கேன் சுத்தமாக வந்த அன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். முதல் கவளம் எடுக்கும்போது நீங்கள் சொன்னீர்கள்: "ஸ்கேன்ல தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல அண்ணி. இது திரும்பி வரக்கூடியது." நான் உங்களை வாயைக் கழுவச் சொன்னேன். இனி இந்த வாசற்படி மிதிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். நீங்கள் சாப்பிடாமல் எழுந்து போனீர்கள். உங்கள் வாய்தான் பலித்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. அப்படி நினைப்பது பாவம் என்று தெரிகிறது. தெரிந்தும் தோன்றுகிறது.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. அறுத்தார்கள். ஆறு மாதம் கீமோ ஏற்றினார்கள். விரல் நுனி மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். பச்சைத் தண்ணீரைத் தொட்டால் கரண்ட் அடித்த மாதிரி கையை உதறுவார். அத்தனையும் பட்டார். எல்லாம் செத்துவிட்டது என்று டாக்டரே சொன்னார். செத்தது எப்படி எழுந்து வரும்? என் பிரார்த்தனையில் ஒரு நாள்கூடக் குறை வைக்கவில்லை. பிறகு எதில் குறை?

நீங்கள் இதையே படித்தவர். எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்தான். ஆனால் ஒன்றைத் திரும்பத் திரும்பப் படித்தால் பிடித்துக்கொள்வேன்.

போன் வேண்டாம். இருப்பது ஒரே அறை, ஒரே போன். அதுவும் இவர் தலையணையோரம் கிடக்கிறது. கீழ் வீட்டுத் தையல்காரம்மா முகவரிக்கு எழுதுங்கள்.

அண்ணி


பிப்ரவரி 15

அண்ணிக்கு,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கல்யாணமாகி வந்தபோது நான் அரைக்கால் சட்டை போட்டவன். அன்றிலிருந்து காதைத் திருகி "டேய்" என்றுதான் கூப்பிட்டீர்கள். அந்த ஒரு சொல்லைத் தாண்டி உங்கள் கடிதத்தைப் படிக்க எனக்கு நேரம் பிடித்தது.

உங்கள் பிரார்த்தனையில் குறை இல்லை. டாக்டரும் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தவரை செத்துத்தான் போயிருந்தது.

கட்டி என்றால் எல்லாம் ஒரே மாதிரிச் செல் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. முக்கால்வாசிக்கு மேல் சாதாரணச் செல். அவை வேகமாகப் பெருகும், கொஞ்ச காலத்தில் ஓய்ந்துபோகும். அவற்றுக்கு நடுவே மிகச் சில ஸ்டெம் செல்கள் இருக்கும். தாய்ச் செல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கட்டியையும் முதலிலிருந்து பெற்றெடுக்கும் சக்தி அவற்றுக்கு உண்டு. அவற்றில் பல, பெருகாமல் சும்மா கிடக்கும்.

அண்ணா பாஷையில் சொல்கிறேன். கீமோ என்பது ரோட்டில் மறித்துப் பிடிக்கும் போலீஸ் மாதிரி. ஓடுகிற வண்டியைத்தான் பிடிக்கும். ஷெட்டில் விளக்கணைத்து நிறுத்திய வண்டியை எப்படிப் பிடிக்கும்? ரோடு காலியாகிவிட்டது என்று எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். பிறகு ஒருநாள் அந்த வண்டி கிளம்பும். இத்தனை சின்னது ஸ்கேனுக்குத் தெரியாது அண்ணி.

அன்று சாப்பாட்டில் சொன்னதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்னேன். அண்ணா உங்களிடம் சொல்லியிருப்பார் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். ஆபரேஷனில் எடுத்த கட்டியிலிருந்து ஒரு துண்டு எங்கள் லேபுக்கு வந்தது. அவரிடம் கையெழுத்து கேட்டபோது, "எடுத்துக்கோடா, எனக்கு வேண்டாத சாமான்தானே" என்று போட்டுக் கொடுத்தார். அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்துக்கொண்டிருக்கிறேன். உடம்புச் சூட்டிலேயே ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் அதற்குச் சத்துநீர் மாற்ற வேண்டும். அண்ணாவுக்கு ஏற்றிய அதே மருந்தை அதற்கும் ஊற்றினேன். எல்லாம் கருகி உதிர்ந்தது. ஓரத்தில் ஏதோ சில மட்டும் அசையாமல் இருந்தன. மருந்தை நிறுத்திச் சில வாரம் கழித்துப் பார்த்தால் கிண்ணம் பழையபடி நிறைந்திருந்தது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சாப்பாட்டுக்கு வந்தேன்.

தம்பி


பிப்ரவரி 21

டேய்,

"நீங்கள்" என்றது உறுத்துகிறதல்லவா, இனி நீதான்.

தையல் மெஷின் பக்கத்தில் நின்றே உன் கடிதத்தைப் படித்தேன். பாதியில் அந்த அம்மா வெட்டுத்துணி மூட்டையின் மேல் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தது.

அதை வளர்க்கிறாயா? வேளாவேளைக்கு ஊட்டி, சூடு குறையாமல் பெட்டியில் வைத்து?

நான் விடிந்ததும் கண்ணை மூடி, அது பூண்டோடு அழிய வேண்டும் என்று கேட்கிறேன். அதே நேரத்தில் நீ அங்கே அதற்குப் பசியாற்றுகிறாய். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் எதிரெதிராகக் கேட்டால் கடவுள் யார் பேச்சைக் கேட்பார்? அங்கே அது உயிரோடு இருக்கும்வரை இங்கே இவரை விடாது என்று என் மனசு அடித்துச் சொல்கிறது. படிக்காதவள் பேச்சு என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆனால் கொட்டிவிடு. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் கொன்றுவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

இன்னொன்று. வாசற்படி மிதிக்காதே என்று அண்ணி ஆத்திரத்தில் சொன்னால் அப்படியே ஒரு வருஷம் நின்றுவிடுவதா? லீவு நாளில்கூட அந்தக் கிண்ணத்தைப் பார்க்கப் போவாய் என்று இவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், என்ன கிண்ணம் என்று சொல்லாமல். இவரைப் பார்க்க ஒரு லீவு கிடைக்கவில்லையா உனக்கு?

அண்ணி


பிப்ரவரி 27

அண்ணிக்கு,

சிரிக்கவில்லை. கொட்டவும் மாட்டேன்.

இங்கே கொட்டினால் அங்கே குறையும் என்றால், என் கையாலேயே என்றோ கொட்டியிருப்பேன். அண்ணா உடம்பில் போட்டுப் பார்க்க முடியாததை எல்லாம் நான் இதில் போட்டுப் பார்க்கிறேன். எது அதைக் கொல்லும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வேறு இடம் இல்லை.

இப்போது ஒரு புது மருந்து கைக்கு வந்திருக்கிறது. பெயர்கூட வைக்கவில்லை, ஒரு எண்தான். ஓடுகிறதை விட்டுவிட்டு, படுத்துக் கிடக்கும் தாய்ச் செல்லைத் தேடிப் போய் அடிக்கும் என்கிறார்கள். இந்த வாரம் அண்ணாவின் கிண்ணத்தில் ஊற்றத் தொடங்கியிருக்கிறேன். நாம் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றுதான் கேட்கிறோம் அண்ணி. நம்புங்கள்.

வராததற்குக் காரணம் உங்கள் வாசற்படி இல்லை. காலையில் பெட்டியைத் திறந்து கிண்ணத்தை எடுக்கும்போது அண்ணாவைப் பார்த்துவிட்ட மாதிரி இருக்கிறது. அன்றைய கடமை முடிந்த மாதிரி இருக்கிறது. எழுதிப் பார்த்தால்தான் இது எவ்வளவு கோணலாக இருக்கிறது என்று தெரிகிறது.

தம்பி


மார்ச் 14

தம்பி,

தெம்புக்கு ஊசி என்று இவரிடம் சொல்லி ஏற்றிவந்த இரண்டாவது வகைக் கீமோவை நிறுத்திவிட்டார்கள். உடம்பு தாங்கவில்லை. கண், நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள். "வீட்ல வச்சு நல்லபடியா பாத்துக்கங்கம்மா" என்றார் பெரிய டாக்டர். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா.

இவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ஸ்கூல் பஸ் ஓட்டி ஓட்டி நானும் அதே கலருக்கு வந்துட்டேன் பாரு. நடுவுல ஒரு கறுப்புக் கோடு போட்டா பசங்க ஏறிடுவாங்க" என்கிறார். நான் சிரித்தேன். பாத்திரம் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அந்தப் புது மருந்து என்ன ஆயிற்று? கிண்ணத்தில் வேலை செய்கிறதா? செய்கிறது என்றால் இவருக்குக் கொடு. கிண்ணத்தைக் கொட்டு என்று இனி சொல்லமாட்டேன். நீ எதை வேண்டுமானாலும் வளர்த்துக்கொள். மருந்தை மட்டும் அனுப்பு.

அண்ணி


மார்ச் 19

அண்ணிக்கு,

வேலை செய்கிற மாதிரிதான் தெரிகிறது. ஆனாலும் கொடுக்க முடியாது. கோபப்படாமல் கேளுங்கள்.

கிண்ணத்தில் செல்லைக் கொல்வது பெரிய காரியமே இல்லை. உப்பைக் கொட்டினாலும் சாகும். மனுஷ உடம்பில் மற்றதைச் சாகவிடாமல் அதை மட்டும் கொல்வதுதான் கஷ்டம். நல்ல உடம்பிலும் தாய்ச் செல் உண்டு. எலும்புக்குள் ரத்தத்தை உண்டாக்குவதும், குடலின் உள்தோலைப் புதுப்பிப்பதும் அவைதான். இந்த மருந்துக்கு நல்லது எது கெட்டது எது என்று இன்னும் ஒழுங்காகத் தெரியாது. இதை ஒரு மனிதருக்கும் கொடுத்ததில்லை. எவ்வளவு கொடுப்பது, எந்த வழியாகக் கொடுப்பது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

இங்கிருந்து அதை எடுத்தால் திருட்டு. அதற்காகச் சொல்லவில்லை. கொடுத்தால் நானே அண்ணாவைக் கொன்றவனாவேன்.

தம்பி


மார்ச் 24

தம்பி,

சாகப்போகிறவருக்கு அதைவிட மோசமாக என்ன நடந்துவிடும்? இதற்கு மட்டும் பதில் எழுது.

உன்னைப் படிக்கவைக்க இவர் காலையில் ஸ்கூல் பஸ்ஸும் ராத்திரியில் கம்பெனி வண்டியும் ஓட்டினார். அதைச் சொல்லிக்காட்டவே கூடாது என்று இருந்தேன். சொல்லிக்காட்டுகிறேன். வேறு எதைக் காட்டினால் நீ அசைவாய் என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணி


மார்ச் 31

அண்ணிக்கு,

கிண்ணம் கிட்டத்தட்டக் காலி. மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்தோம். சாயம் ஏற்றிப் பார்த்தாலும் தாய்ச் செல் ஒன்றுகூடத் தெரியவில்லை. மீதி இருக்கிற சாதாரணச் செல்லும் சுருங்கிக்கொண்டே போகிறது. இப்படி நான் பார்த்ததே இல்லை. மைக்ராஸ்கோப்பிலிருந்து எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

இந்தப் பார்சலில் ஐஸ் பைகளுக்கு நடுவே ஒரு சின்னக் குப்பி இருக்கும். நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது. ஃப்ரிட்ஜில் அடித்தட்டில் வையுங்கள். நான் வரும்வரை திறக்கவே கூடாது. இன்னும் ஒரு வாரம் கிண்ணம் இதே மாதிரி இருந்துவிட்டால், புறப்பட்டு வருகிறேன். பெரிய டாக்டர் காலில் விழுந்தாவது அவரை உட்காரவைத்து மூன்று பேரும் பேசுவோம்.

அண்ணாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள்.

தம்பி


ஏப்ரல் 8

தம்பி,

குப்பி வந்தது. ஒரு வாரம் என்றாய். வாரம் முடிந்துவிட்டது. வாசலில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன்.

இவர் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வருகிறது. பகல் எது ராத்திரி எது என்று குழம்புகிறார். நேற்று என்னைப் பார்த்து, "பசங்களை எல்லாம் இறக்கியாச்சா?" என்று கேட்டார். இறக்கிவிட்டோம் என்றேன். "கடைசி சீட்டைப் பாத்தியா? எவனாவது தூங்கிட்டிருப்பான்" என்றார்.

சத்து ஊசி போட வரும் கம்பவுண்டரிடம் குப்பியைக் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "லேபிளே இல்லையேம்மா. இதை நான் தொட்டா என் சோறு போயிடும்" என்று கதவுப் பக்கம் நகர்ந்துவிட்டார். கை வளையலைக் கழற்றி நீட்டினேன். இப்படியும் நான் செய்வேன் என்று எனக்கே தெரியாது. வாங்கவில்லை, நல்ல மனிதர்.

உனக்காக இன்னும் ஒரு நாள் பார்ப்பேன். அதற்கு மேல் என்னால் சும்மா இருந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கடவுள் வழிகாட்டுவார்.

அண்ணி


ஏப்ரல் 10, அவசரக் கூரியர்

அண்ணி,

கொடுக்காதீர்கள். கொடுக்காதீர்கள். கொடுக்காதீர்கள்.

கிண்ணம் திரும்ப நிறைந்துவிட்டது.

தாய்ச் செல் எல்லாம் செத்தது நிஜம். ஆனால் மீந்திருந்த சாதாரணச் செல்லில் சில, தாய் போன இடத்தில் தாங்களே தாயாக மாறிவிட்டன. டிரைவரை எல்லாம் இறக்கிவிட்டோம் என்று கைதட்டினோம். பயணி ஒருவன் எழுந்துபோய் ஸ்டீரிங்கில் உட்கார்ந்துவிட்டான். அப்படி நடக்கலாம் என்று படித்திருக்கிறேன். அண்ணாவின் கிண்ணத்தில் நடக்காது என்று ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை. அந்த மருந்து அண்ணாவைக் காப்பாற்றாது. வதைக்கத்தான் செய்யும்.

இன்று உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் போன் செய்தேன். அண்ணாதான் எடுத்தார். "ஊசி போடத் தெரியாத டாக்டரா? என்னடா, வழி தவறி வந்துட்டியா?" என்றார். குரலில் ஆள் அடையாளமே தெரியவில்லை. அண்ணியிடம் கொடுங்கள் என்றேன். "அவ மருந்துக்கடைக்குப் போயிருக்கா. என்கிட்ட சொல்லக்கூடாததா அவகிட்ட என்ன சொல்லப்போற?" என்றார். ஃப்ரிட்ஜில் ஒரு குப்பி என்று ஆரம்பித்தேன். இருமல் வந்துவிட்டது. அப்புறம் எத்தனை முறை அடித்தும் யாரும் எடுக்கவில்லை.

குப்பியை எடுத்ததை எங்கள் தலைமை விஞ்ஞானியிடம் நானே சொல்லிவிட்டேன். சாவியை வாங்கிக்கொண்டார். திங்கள்வரை விசாரணைக்கு இங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு எனக்குப் போக ஓர் இடமும் இல்லை, பார்க்க ஒரு கிண்ணமும் இல்லை. உங்களுக்குக் கொண்டுவர என்னிடம் ஒன்றுமே இல்லை அண்ணி. எந்த முகத்தோடு வருவேன்?

தம்பி


ஏப்ரல் 12

தம்பி,

கொடுக்கவில்லை. முதலில் இதைப் படித்து மூச்சு விடு.

உன் கூரியர் இன்று காலையில்தான் வந்தது. அதனால் நின்றேன் என்று நினைக்காதே. முந்தாநாள் சாயங்காலமே ஒரு டம்ளர் பழச்சாற்றில் பாதிக் குப்பியை ஊற்றிக் கலக்கிவிட்டேன். அளவு தெரியாததால் பாதி. உப்புக்கும் புளிக்கும் கை அளவு தெரிந்தவள், இதற்கும் கையை நம்பினேன். சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டு எடுத்துப் போனேன். தலையைத் தாங்கிப் பிடித்து, "இதைக் குடிச்சிடுங்க" என்றேன்.

என்ன என்று கேட்கவில்லை. கண்ணைக்கூடத் திறக்கவில்லை. வாயை மட்டும் திறந்தார்.

இத்தனை மாதமாக வீக்கத்துக்கு மாத்திரை, தெம்புக்கு ஊசி என்று பொய்யாகச் சொல்லித்தான் எல்லாவற்றையும் கொடுத்தேன். ஒன்றையும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. "இது என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், புதுசாக ஒரு பொய் சொல்லி ஊற்றியிருப்பேன். அவர் வாயைத் திறந்தபடியே காத்துக்கொண்டிருந்தார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஏன், குடுக்கலையா?" என்றார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திரும்ப வந்தது, டாக்டர் சொன்னது, உன் கிண்ணம், குப்பி, அந்த டம்ளர். கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். "வந்துடுச்சுன்னு தெரியும். கல்லீரல் வீக்கத்துக்கு எவளாவது குழாயைத் திறந்துவிட்டுக்கிட்டு அழுவாளா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பயலுக்கு வேலை போயிடுமேடி" என்றார். அப்புறம், "கிண்ணத்துல என்னத்தைத் தேடுறான்? நான் முழுசா இங்கதானே கிடக்கேன்" என்றார்.

டம்ளரில் இருந்ததையும் குப்பியில் மீந்ததையும் கழிப்பறையில் கொட்டி, டம்ளரைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

என்ன கேட்டுக் கும்பிடுவது என்று இரண்டு நாளாகத் தெரியவில்லை. அது அழிய வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, இவரைப் பற்றிக் கேட்கவே மறந்திருந்தேன். இப்போது வலி இல்லாமல் தூங்கட்டும் என்று கேட்கிறேன். நேற்று கொஞ்சம் தூங்கினார்.

விசாரணை முடிந்ததும் அடுத்த வண்டியில் ஏறு. கொண்டுவர ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய். பழம் வேண்டாம், இவரால் விழுங்க முடியாது. படித்துக்காட்ட எந்தக் காகிதமும் வேண்டாம். வயிறு உப்பி உடம்பு கனத்துவிட்டது. ஒருக்களித்துப் படுக்கவைக்க என் ஒருத்தியால் முடியவில்லை. முதுகு சிவந்துகொண்டு வருகிறது, புண்ணாகிவிடும். காலைப் பிடிக்க ஒருவர், தோளைப் பிடிக்க ஒருவர் வேண்டும். கையை வீசிக்கொண்டு வா.

அண்ணி